குசினிக்குள் சுவிஸ்

கொன்ஸ்ரான்ஸில் நான் இருக்கிற பகுதிக்குப் பெயர் பரடீஸ்.
சொர்க்கம்தான். மூன்றாம் மாடி, லிஃப்ட் இல்லை.
படுக்கையறை ஜேர்மனியில்.
குசினியும் ஜேர்மனியில்தான்,
வாடகைப் பத்திரத்தில் அப்படித்தான் போட்டிருக்கு.
ஆனால் அரிசி கழுவ
கைபேசியை யன்னலோரம் வைத்தால் போதும்,
அது சுவிஸுக்குப் போய்விடும்.

'சுவிற்சர்லாந்து உங்களை வரவேற்கிறது.'
உப்புப் போட்டேனா இல்லையா என்று
யோசித்து முடிப்பதற்குள் இன்னொன்று:
'மீண்டும் ஜேர்மனிக்கு நல்வரவு.'

மாத முடிவில்
இருநூற்றுப் பன்னிரண்டு யூரோ நாற்பது சதம்.
வெளிநாட்டுப் பாவனை.
பெறுநர்: திரு. கதிரவேலு.

கதிரவேலு என் அப்பா.
கடைசிவரை ஒரு பாஸ்போர்ட் எடுக்காத மனுசன்.
நான் சுகிர்தா. திருமதி.
இதைச் சொல்லத்தான் போன் எடுத்தேன்.
இதையும், காசையும்.

புது ஒப்பந்தத்துக்கு ஒன்றை அழுத்தவும்.
கூடுதல் டேட்டாவுக்கு இரண்டு.
ஒன்பது மட்டும் போய்ப் பார்த்தேன்,
'பிழை உங்களுடையது' என்பதற்கு எண் இல்லை.
பிறகு பியானோ.
நடுநடுவே ஒருத்தி சொல்கிறாள்,
உங்கள் அழைப்பு எங்களுக்கு முக்கியமாம்.
முக்கியமானதையெல்லாம் அலுமாரிக்கு மேலே தூக்கி வைத்துவிட்டு
மறந்துபோகிற வீடு போல.

இருபத்திரண்டாம் நிமிடம் ஒரு மனிதக் குரல்.
பெயரை எழுத்துக் கூட்டச் சொன்னது.
காவ்ப்மன், அன்ரன், தியோடோர், ஹைன்ரிஷ்,
ஈடா, றிஷார்ட், மறுபடி அன்ரன்,
விக்ரோர், எமில், லூட்விக், உல்றிஷ்.
பதினொரு ஜேர்மன்காரர் வரிசையாக நின்றால்தான்
என் அப்பா.
ஒரு கால்பந்து அணி. அதில் ஒருத்தி பொம்பிளை.

'திரு. கட்ரிவெலி,
உங்கள் கருவி அப்போது சுவிஸில் இருந்திருக்கிறது.'
நான் இருக்கவில்லை.
'கருவி இருந்திருக்கிறது.'
கருவி என் கையிலைதானே இருந்தது.
'அப்படியென்றால் நீங்களும் இருந்திருக்கிறீர்கள்.'

தொண்ணூற்றைந்தில்
கிரொய்ஸ்லிங்கனில் மச்சாளுக்குப் பிள்ளை பிறந்தது.
நடந்தால் பத்து நிமிடம்.
என் அட்டையில்
மாவட்டத்தை விட்டு வெளியேறக் கூடாது என்று முத்திரை.
ஏரிக்கரையில் கம்பிவேலி.
அந்தப்பக்கம் நின்று அவள் பிள்ளையைத் தூக்கிக் காட்டினாள்.
வெள்ளைத் துணிச்சுற்று, அதற்குள் கொஞ்சம் கறுப்பு மயிர்.
அவ்வளவுதான் தெரிந்தது.
அங்கே இப்போது வேலி இல்லை.
வேலி நின்ற இடத்தில் சிற்பங்கள் நட்டிருக்கிறார்கள்,
உல்லாசப் பயணிகள் நடுவே நின்று படம் எடுக்கிறார்கள்.

இந்த சிம்முக்கு ஆர் விசா குடுத்தது என்று கேட்க வாயெடுத்தேன்.
முப்பது வருசம் பேசிய ஜேர்மன்
முக்கியமான நேரத்தில் எங்கேயோ போய் ஒளிந்தது.
வந்தது ஒரே ஒரு சொல்:
வீடர்ஷ்ப்ருக்.
அகதி வழக்கில், வழக்கறிஞரின் வாயைப் பார்த்து
நான் பழகிய முதல் நீளச் சொல்.
ஆட்சேபம்.

மறுமுனையில் விசைப்பலகைச் சத்தம் நின்றது.
'எழுத்து மூலம் அனுப்புங்கள்,' என்றது குரல்,
கொஞ்சம் இறங்கி.
'எந்த முகவரிக்கு?' என்று கேட்கும்போது
லைன் அறுந்தது.

சோறு குழைந்துவிட்டது.
யன்னலில் சாய்ந்தபடியே
இவ்வளவு நேரமும் நின்றிருக்கிறேன்.
திரை ஒருமுறை மின்னியது.
'சுவிற்சர்லாந்து உங்களை வரவேற்கிறது.
இங்கிருந்து செய்யும் அழைப்புகளுக்கு நிமிடக் கட்டணம் உண்டு.'

அடுத்த பில்லை நான் இன்னும் உடைக்கவில்லை.
உறையின் கண்ணாடிக்குள் பெயர் மட்டும் தெரிகிறது.
அப்பா இந்த மாதமும்
வெளிநாடு போய் வந்திருக்கிறார்.
நாற்பத்தேழு நிமிடம்.